சிட்டு-2: முதல் இருநூறு மணி நேரம்

ஜூன் 3, புதன். மணி 0

வந்துவிட்டது, வந்துவிட்டது, வந்துவிட்டது!

காலை பத்து மணிக்குக் கூரியர்காரர் கேட்டில் நின்று கத்தியபோது நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக விடாத சளி. செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் வாங்கினேன். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் உள்ளங்கை அளவில், கறுப்பாக, கனமாக, சிட்டு-2.

இந்த நோட்டை யாராவது எடுத்துப் படித்தால் (அக்கா, நீதான், வைத்துவிடு) அவர்களுக்காகச் சொல்கிறேன். லேப்டாப்பில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள். அந்த எண்களைச் சத்தமாக மாற்றுகிற பெட்டிக்குப் பெயர் டேக். அது தரும் சத்தத்தை ஆம்ப் பெரிதாக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும். டேக் மட்டமாக இருந்தால் அதற்குப் பிறகு எதை வைத்தாலும் மட்டம்தான். நான்கு வருடம் மட்டத்தில் கிடந்தேன். இன்றோடு முடிந்தது.

சிட்டு நம்மூர்ச் சரக்கு. சிவானந்தா காலனியில் ஜெனிட்டா அக்கா, இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு கையாலேயே செய்கிறார். இதைப் பற்றி நான் என்ன சொல்வேன் என்று டெலிகிராமில் ‘ஸ்பீக்கர் சங்கம்’ குழுவில் எழுநூறு பேர் காத்திருக்கிறார்கள். பீற்றவில்லை. குழுவின் உச்சியில் ‘பரணி கேட்டாச்சு’ என்றொரு பதிவு நிரந்தரமாக இருக்கிறது. நான் அதில் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் வாங்குவார்கள். எழுதாவிட்டால் வாங்க மாட்டார்கள். அங்கே எனக்குப் பெயரே ‘காது’. டிப்ளமோவைப் பாதியில் விட்டவனுக்கு, செல்போன் கடையில் ஸ்க்ரீன் கார்டு ஒட்டுகிறவனுக்கு, வேறு எங்கே பெயர் கிடைக்கும்?

விஷயம் தெரிந்தவன் புது டேக்கை உடனே எடைபோட மாட்டான். இருநூறு மணி நேரம் நிறுத்தாமல் பாட்டு ஓட வேண்டும். அதுவரை உள்ளே எல்லாம் இறுகிக்கிடக்கும், ஓட ஓடத் திறக்கும். இதற்குப் ‘பழக்குவது’ என்று பெயர். பதினோரு மணிக்கு ஆரம்பித்தேன். இந்த நோட்டு அதன் கணக்கு.

ஆனால் முதல் பாட்டிலேயே! பாடகி இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில், என் மூக்குக்கு நேரே, காற்றில் நின்றாள். அவள் மூச்சை இழுப்பது கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா எட்டாம் வகுப்புக் கணக்குப் பேப்பரைத் திருத்தியபடி நிமிர்ந்து, “இதுக்கு முன்னாடி எப்படிக் கேட்டுச்சோ அப்படியேதான்டா கேக்குது” என்றாள். இவளிடம் போய்.

ஜூன் 4, வியாழன். மணி 21

ஏமாந்துவிட்டேன்.

எழுந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். பாடகி இடம் மாறிவிட்டாள். நடுவில் இல்லை. வலது ஸ்பீக்கரில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். உடனே குழுவில் போட்டேன்:

“சிட்டு-2, மணி 21. காலைல எழுந்து கேட்டா இடதுபக்கம் அடைச்சுக்கிச்சு. பஞ்சு வெச்சு அமுக்குன மாதிரி. மேல் ஸ்வரம் சுத்தமா இல்ல. கூடவே ‘ஙீ’ன்னு நிக்காத ஒரு இரைச்சல். நேத்து படுக்கப்போறப்ப நல்லா இருந்துச்சு. ஒரே ராத்திரில போயிருச்சு. ஜெனிட்டாக்கா, இதுதான் உங்க தரமா?”

கரூர் கோபிநாத் உடனே வந்துவிட்டான். எதையும் காதால் கேட்காதவன், அளக்கிறவன். அதனால் அவனுக்குக் குழுவில் பெயர் மீட்டர்.

“மீட்டர் வெச்சுப் பாரு தம்பி. மீட்டர் இல்லேன்னா காதுல அழுக்கெடு.”

“உங்க வீட்ல பாட்டுப் போட்டா முள்ளுதாண்ணா ஆடும். நீங்க ஆட மாட்டீங்க.”

நாற்பத்திரண்டு பேர் சிரித்தார்கள். அடங்கிவிட்டான்.

அந்த ‘ஙீ’ எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பிளக்கைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. கெப்பாசிட்டரில் மின்சாரம் கொஞ்சம் தங்கியிருக்கும். பத்து நிமிடம் கழித்தும் நிற்கவில்லை. என்ன கண்றாவிக் கெப்பாசிட்டரைப் போட்டிருக்கிறார்களோ.

ஜூன் 5, வெள்ளி. மணி 57

கடைக்கு லீவு போட்டுவிட்டு நாள் முழுக்கச் சோதனை. அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

முதலில் டேக்கின் பின்னால் இடது வயரையும் வலது வயரையும் மாற்றிச் செருகினேன். கோளாறு டேக்கில் இருந்தால் மங்கல் வலதுக்குப் போக வேண்டும். போகவில்லை. இடதுதான் மங்கல். ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன். இடதுதான். சிட்டுவைக் கழற்றிவிட்டு என் பழைய டேக்கையே மாட்டினேன்.

இடதுதான்!

அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து யோசித்தேன். அப்புறம் பொறி தட்டியது. டேக் மாறியும், ஸ்பீக்கர் மாறியும், வயர் மாறியும் போகவில்லை என்றால் மிச்சம் இருப்பது ஆம்ப். அந்த ஆம்ப் செவ்வாய்க்கிழமைவரை தங்கமாக இருந்தது. நடுவில் வந்தது யார்? சிட்டு. சிட்டுவிலிருந்து கசிந்த மின்சாரம் என் ஆம்பின் இடதுபக்கத்தைச் சுட்டுவிட்டது. வேறு எந்த விளக்கமும் கிடையாது. நான் எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன்.

குழுவில் கொட்டை எழுத்தில் போட்டேன்: “சிட்டு-2 ஆம்பைக் கொல்லும். மாட்டாதீங்க.”

ஒரு மணி நேரத்தில் இருபது பேர் கேட்டார்கள், “காது, உண்மையாவா?” உண்மையாகத்தான் என்றேன்.

சிட்டுவை மறுபடி மாட்டிவிட்டேன். இருநூறு மணி முடியாமல் தீர்ப்பு எழுதினால் மீட்டர் அதைப் பிடித்துக்கொள்வான்.

ஜூன் 7, ஞாயிறு. மணி 96

அக்காவுக்கும் எனக்கும் சண்டை. நான் நாற்காலியில் இருந்தேன். திடீரென்று முன்னால் வந்து ஸ்பீக்கரை மறைத்துக்கொண்டு நின்றாள், கையில் கரண்டி.

“எத்தனை வாட்டிடா கூப்பிடறது? தொண்டத்தண்ணி வத்திப் போச்சு.”

“பாட்டு ஓடுதுல்ல.”

“பாட்டா? அது ஓடுதான்னு எனக்கே சந்தேகமா இருக்கு, அவ்வளவு மெல்ல ஓடுது. நான் அங்க அடுப்படில நின்னு, பத்தடி தூரத்துல, பரணி பரணின்னு கத்தறேன். திரும்பிக்கூடப் பாக்கல நீ.”

“கேக்கலக்கா.”

“கேக்காதுடா. சோறு ரெடின்னா மட்டும் கேக்கும். நாலு நாளா பாக்கறேன், நான் பேசினா மூஞ்சியத் திருப்பிக்கற. நான் என்ன உனக்கு வேலக்காரியா?”

மூஞ்சியைத் திருப்பவில்லை. வலதுபக்கத்தைக் காட்டினேன், அவ்வளவுதான். நான் எப்படி உட்கார்ந்தால் இவளுக்கு என்ன? உடுமலைக்குப் போன் போட்டு அம்மாவிடம் கோள் மூட்டியிருக்கிறாள். இனி அவளாக வந்து பேசும்வரை நான் பேசப்போவதில்லை.

ஜூன் 8, திங்கள். மணி 128

கடையில் ஒருத்தர் பளபளக்காத மேட் கார்டு கேட்டாராம், நான் பளபளப்பு கார்டை ஒட்டிவிட்டேனாம். மூன்று முறை சொன்னாராம். சொன்னவர் வாயில் பாக்கு. முதலாளி அவர் பக்கம் பேசுகிறார். எல்லாருக்கும் இந்த வாரம் என்ன வந்ததோ.

ஜூன் 9, செவ்வாய். மணி 154

ஜெனிட்டாவே போன் செய்தார். முதலில் குரலே எழும்பவில்லை, என்னவோ முனகினார். தப்புச் செய்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்தேன். வேர்த்ததால் போனை அடுத்த கைக்கு மாற்றினேன். பார்த்தால் கத்திக்கொண்டிருந்தார்.

“கேக்குதுங்களா இல்லீங்களா? அஞ்சு நிமிசமா அலோ அலோங்கறேன்!”

“சொல்லுங்க மேடம்.”

“அக்கா அக்காம்பீங்க. இப்ப மேடமா? சரி. என் டேக் ஆம்ப்பைக் கெடுத்துருச்சுன்னு எழுதியிருக்கீங்க.”

“கெடுத்துச்சு. எழுதுனேன்.”

“அளந்து பாத்தீங்களா?”

“கேட்டுப் பாத்தேன்.”

“அதுல கசிவே வராதுங்க. வந்துறக்கூடாதுன்னு ரெண்டு தடுப்புப் போட்டு வெச்சிருக்கேன். ஒவ்வொரு பொட்டியையும் அளந்து, கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்.”

“கையெழுத்து நல்லாத்தாங்க இருக்கு. சத்தம்தான் வரல.”

பிறகு நிதானமாகச் சொன்னார்: “என்கிட்ட வேலை செய்யற ரெண்டு பேரும் இன்னைக்குக் கைய மடிச்சுட்டு உக்காந்திருக்காங்க. வேண்டாம் வேண்டாம்னு ஒவ்வொருத்தரா போன். ஆம்ப்பை எடுத்துட்டு வாங்க, முன்னாடியே அளந்து காட்டறேன்.”

“என் ஆம்ப்பை உங்ககிட்டக் குடுத்து நீங்க உள்ள என்னமோ பண்ணிட்டு நல்லாத்தான் இருக்கும்பீங்க. நான் சின்னப் பையன்னு நெனச்சீங்களா?”

“சின்னப் பையன்னு நெனச்சிருந்தா உங்க அம்மாகிட்டப் பேசியிருப்பேன்” என்று வைத்துவிட்டார். நான் வைப்பதற்குள் வைத்துவிட்டார்.

ஜூன் 10, புதன். மணி 177

காலையில் மீட்டர் குழுவில் எழுதியிருந்தான்: “பரணி, ஆம்ப்பு ஸ்பீக்கரு எல்லாம் விடு. ஹெட்போனை லேப்டாப்ல மாட்டு. பக்கம் மாத்திப் போடு, வலது மூடி இடது காதுல, இடது மூடி வலது காதுல. மங்கல் பக்கம் மாறுச்சுன்னா கோளாறு மிஷின்ல. மாறாம அதே பக்கம் நின்னுச்சுன்னா எங்கேன்னு உனக்கே தெரியும்.”

எனக்கே சொல்லித்தருகிறான். கடைக்குப் போகும்வரை பதில் போடவில்லை.

சாயங்காலம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஹெட்போன் பழசு.

ஜூன் 11, வியாழன். மணி 200

இரவு ஏழு மணிக்கு இருநூறு முடிந்தது. திறக்கவில்லை. கடைசி ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு, திறந்துவிடு, திறந்துவிடு என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு பெட்டிக்கு இதற்குமேல் எவன் பொறுமை காட்டுவான்?

‘பரணி கேட்டாச்சு’வில் தீர்ப்பு எழுதினேன்: “சிட்டு-2. இருநூறு மணி நேரம் பழக்கியாச்சு. இடதுபக்கம் ஊமை. ஆம்ப்பையும் தின்னுருச்சு. வாங்கினவங்க திருப்பி அனுப்புங்க. வாங்காதவங்க தப்பிச்சீங்க.”

“ஹெட்போன்ல பாத்தியா?” என்று மீட்டர் கேட்டான்.

“பாத்தேன். பொட்டிதான்” என்றேன்.

ஒன்பது மணிக்குள் பதினொரு பேர் ஆர்டரை ரத்து செய்ததாகப் படம் பிடித்துப் போட்டார்கள். “காதுன்னா காதுதான்” என்று ஒருவர் எழுதினார். நல்ல நாள். சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 12, வெள்ளி

பாத்ரூமில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். காலையில் சாப்பிடாததால்.

ஜூன் 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பதினோரு மணிக்கு ஜெனிட்டா வீட்டுக்கே வந்துவிட்டார். கூரியர் உறையில் முகவரி அவர் கையால் எழுதியதுதானே. குட்டையாக, சிவந்த கண்ணோடு, தோளில் ஒரு பெரிய பை. அக்கா கதவைத் திறந்தாள். நான் உள்ளே விடாதே என்பதற்குள் இருவரும் பேசிக்கொண்டே வந்துவிட்டார்கள்.

“டீச்சருங்களா? நல்லதாப் போச்சு. நீங்களும் கூட நின்னு பாருங்க. அப்பறம் நான் எதையோ பண்ணிட்டேன்னு சொல்வாப்ல.”

“பாக்கறேங்க. இவன் என்கிட்டயும் ஒரு வாரமா இப்படித்தான்” என்றாள் அக்கா. என் சொந்த அக்கா.

பையிலிருந்து அளக்கும் மீட்டரை எடுத்தார். சிட்டுவின் இரண்டு பக்கத்தையும் அளந்து, எண்ணை அக்காவிடம் படிக்கச் சொன்னார். ஒரே எண். ஆம்பின் இரண்டு பக்கத்தையும் அளந்தார். ஒரே எண். அக்கா அதைப் பேப்பர் திருத்தும் சிவப்புப் பேனாவால் எழுதி டிக் வேறு போட்டாள்.

“மீட்டர்ல வராதுங்க. காதுலதான் வரும்” என்றேன். “மீட்டர் வெச்சிருக்கறவன் எல்லாம் பாட்டுக் கேக்கறவன் இல்ல.”

“சரிங்க. காதுலயே பாப்போம். உக்காருங்க.”

உட்கார்ந்தேன். ஒரே குரல் பாடும் பாட்டைப் போட்டார். “எந்தப் பக்கம் கம்மி?”

“இடது. பத்து நாளா இதைத்தான் சொல்றேன்.”

“அப்படியே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காருங்க. ஸ்பீக்கருக்கு முதுகக் காட்டி.”

“எதுக்கு?”

“முதுகக் காட்டறதுல உங்களுக்கென்ன கஷ்டம்?”

அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பால்தான் திருப்பிப்போட்டு உட்கார்ந்தேன். எதிரே வெறும் சுவர், காலண்டர்.

“இப்ப எந்தப் பக்கம் கம்மி?”

யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது. “இடது.”

பாட்டு மட்டும் ஓடியது.

“என் டேக்கோட இடதுபக்கம் இப்ப உங்க வலது காதுக்குப் பக்கத்துல இருக்குதுங்க பரணி” என்றார் ஜெனிட்டா.

“ரூம்தான். இந்த ரூமே கோணல். அந்தச் சுவர்ல பட்டு...”

“ரூம் திரும்பலீங்க. நீங்கதான் திரும்புனீங்க.”

எழுந்தேன். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. “வெளிய போங்க” என்றேன். கத்தியிருக்கிறேன் போல, எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

“டேய்” என்றாள் அக்கா. “எத்தனை நாளாடா இப்படி?”

“நீயும் வெளிய போ.”

ஜெனிட்டா வயரையெல்லாம் சுருட்டிப் பையில் வைத்தார். அவசரமே படவில்லை. வாசலில் நின்று சொன்னார்: “உங்களுக்கு உடம்பு சரியில்லேன்னா அதுக்கு நான் வருத்தப்படுவேன். ஆனா இன்னைக்கு இல்ல. இன்னைக்கு நான் என் பொட்டிக்காக வந்தேன். போஸ்ட்ட அழிக்காதீங்க. அழிச்சா நான் மெரட்டி அழிக்க வெச்சேன்னு உங்காளுங்களே பேசுவாங்க. அதுக்குக் கீழயே எழுதுங்க. எதனாலன்னு எழுதுங்க.”

“எழுத மாட்டேன்.”

“அப்ப உங்க எழுநூறு பேரும் அந்தக் காத நம்பியே இருக்கட்டும்.”

போய்விட்டார்.

ஜூன் 15, திங்கள்

குழுவில் போட மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்று, ‘என் ரூம் சரியில்லை.’ இரண்டு, ‘ஆம்ப்பை ரிப்பேர் செய்தாகிவிட்டது, சிட்டு பரவாயில்லை.’ மூன்று, ‘அந்த ஒரு பெட்டி மட்டும்தான் கோளாறு.’ மூன்றையும் அழித்தேன். காது இல்லாத ‘காது’வை எவன் வைத்துக்கொள்வான்?

எதையும் போட்டுக் கேட்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. ‘ஙீ’ மட்டும் இருக்கிறது.

ஜூன் 16, செவ்வாய்

அக்கா பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாள். சட்டையைப் பிடித்தே இழுத்தாள். காது மூக்கு தொண்டை டாக்டர்.

முதலில் ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சின்னதாகக் ‘கூ’ என்று கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். இந்தப் பரீட்சையில் மாவட்டத்திலேயே முதலாக வருவேன் என்று நினைத்தேன். வலது காதுக்கு அப்படித்தான் அமுக்கித் தள்ளினேன். இடது காதுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்கிற அம்மாவின் கை குமிழைத் திருகுவது தெரிந்தது. கை அசையும்போதெல்லாம் அமுக்கினேன்.

நாலாவது தடவை அவர் எழுந்து உள்ளே வந்தார். என் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் அதிகம் அமுக்கவில்லை.

டாக்டர் தாளைப் பார்த்தார். இரண்டு கோடு. ஒன்று மேலேயே ஓடுகிறது. இன்னொன்று படியில் உருண்ட மாதிரி கீழே போகிறது.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“நாலு நாளுங்க சார்.”

“சார், பொய் சொல்றான்” என்றாள் அக்கா.

“தேதி சரியாத் தெரியணும் தம்பி. மருந்தே அதை வெச்சுத்தான். நாலு நாள்னா ஒரு மாதிரி, நாப்பது நாள்னா ஒரு மாதிரி.”

அக்கா என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் குழுவைத் திறந்தாள். என் பூட்டு எண் அவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்புறம்தான் கேட்க வேண்டும். நாலாம் தேதி பதிவைத் தேடி டாக்டர் முன்னால் வைத்தாள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“இது யாரு எழுதுனது?”

“நான்தாங்க. அது ஒரு டேக்கப் பத்தி. பாட்டுக் கேக்கற பொட்டி.”

“எங்ககிட்டப் படிக்கற பசங்க இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்க. காலைல எழுந்தா அடைப்பு. பஞ்சு வெச்ச மாதிரி. மேல் ஸ்வரம் இல்ல. நிக்காத இரைச்சல். ஒரே ராத்திரில போச்சு. எல்லாமே இருக்குது. பொட்டி பேரு மட்டும்தான் தப்பு.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “திடீர்னு காது நரம்பு இப்படிப் படுத்துக்கும் தம்பி. சளிக்கு அப்பறம் சில பேருக்கு வரும். முதல் மூணு நாள்ல வந்திருந்தா நான் தைரியமாச் சொல்லியிருப்பேன். இன்னைக்கு பன்னெண்டு நாளு. பன்னெண்டு நாளு என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

அக்காதான் சொன்னாள்.

“பழக்கிட்டிருந்தான் சார்.”

மாத்திரை எழுதினார். செவிப்பறை வழியாக உள்ளே ஊசி போட வேண்டும் என்றார், இன்றே முதல் ஊசி. வருமா என்று கேட்டேன். கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம், வாக்குத் தர மாட்டேன் என்றார். ஊசி வலித்தது. ஊசி போகிற சத்தம் அந்தக் காதில் கேட்டது. பன்னிரண்டு நாளில் அந்தக் காதில் நான் கேட்ட நல்ல சத்தம் அது ஒன்றுதான்.

ஜூன் 17, புதன்

எழுதிவிட்டேன். பதினோராம் தேதி பதிவுக்குக் கீழேயே. இங்கேயும் ஒரு நகல்:

“சிட்டு-2 பத்தி நான் எழுதுனது எல்லாம் நெசம், பொட்டியத் தவிர. அடைப்பு என் இடது காதுல. இரைச்சலும் அங்கதான். டாக்டர் பாத்துட்டார். சிட்டுல ஒரு குத்தமும் இல்ல, ஆம்ப்பும் நல்லா இருக்கு. என் கண்ணு முன்னாடி அளந்தாச்சு. ஒண்ணு மட்டும் சொல்லியாகணும். பத்தாந்தேதி ஹெட்போனை மாத்திப் போட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு. பதினொண்ணாந்தேதி தெரிஞ்சேதான் எழுதுனேன். மீட்டர் அண்ணன் கேட்டப்பவும் தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். ‘பரணி கேட்டாச்சு’வை எடுத்துருங்க. பரணி இனிமே கேக்க மாட்டான்.”

அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அது அதிர்ந்துகொண்டே மேஜை ஓரம்வரை நகர்ந்து போனது.

ஜூன் 18, வியாழன்

படிக்காமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. எல்லாவற்றையும் படித்தேன்.

“காது, இனி ஒத்தக்காது” என்று ஒருவன். முந்நூறு பேர் சிரித்திருக்கிறார்கள். “இவன் பேச்சக் கேட்டு நாலு வருசமா என்னென்ன வாங்குனோம்னு லிஸ்ட் போடுங்கப்பா” என்று இன்னொருவன். போட்டார்கள், நீளமாக. போன வாரம் “காதுன்னா காதுதான்” என்று எழுதியவர் அதை அழித்திருக்கிறார். உச்சியில் இருந்த பதிவு காலை எட்டு மணிக்கே காணாமல் போய்விட்டது.

மீட்டர் ஒன்றே ஒன்று எழுதினான்: “எந்த டாக்டர்?” அதற்குமேல் ஒன்றுமில்லை. அதில் என்ன குத்தல் இருக்கிறது என்று நான்கு முறை படித்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. பெயரை அனுப்பினேன்.

மத்தியானத்துக்குமேல் ரத்து செய்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ‘சாரிங்க மேடம், என் ஆர்டரை மறுபடி எடுத்துக்கலாங்களா’, ‘அக்கா எனக்கும்’, ‘அக்கா அப்பவே எனக்குச் சந்தேகம்.’ சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெனிட்டா வந்தார். அவர் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்:

“ரத்து பண்ணுன பதினோரு பேருக்கும். இந்தப் பையன் நல்லா இருக்குன்னா வாங்குனீங்க, நல்லா இல்லேன்னா வேண்டாம்னீங்க. அவனுக்கு ஒரு காது போச்சு, ஒத்துக்கிட்டான். உங்க ஒவ்வொருத்தர் தலைலயும் ரெண்டு ரெண்டு இருக்குதே, அதுல என்ன வெச்சிருக்கீங்க? உங்களுக்கு நான் டேக் விக்கறதா இல்ல. பரணி, நீங்க எழுதுனதப் பாத்தேன். பதினோராந்தேதிக்கு நான் உங்களை மன்னிக்கல. ஊசியை மட்டும் நடுவுல விட்டுறாதீங்க.”

அவ்வளவுதான். குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

ஜூன் 25, வியாழன்

மூன்று ஊசி முடிந்தது. மறுபடி கண்ணாடி அறை. இந்த முறை நானாகவே சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். கீழ் ஸ்வரம் கொஞ்சம் வந்திருக்கிறது. மேலே இல்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லவில்லை, வரும் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் வலதுபக்கம் வந்து உட்கார்ந்து, மாத்திரையைச் சோற்றுக்கு முன்னால் போட்டதற்காகக் கால் மணி நேரம் திட்டினாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.